நான்காவது பாட்டில் இருந்த இருமல்

“மாமா, உங்க சுத்தியல் ஏன் அடிச்சும் சத்தம் போடல?” என்று கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பெண் கேட்டாள். அப்போது குழாய்க்காரர் மூன்றாம் மாடிக் குளியலறையில் துருப்பிடித்த ஒரு குழாயைச் சுவரிலிருந்து பெயர்த்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து சத்தம் போய் அன்றோடு பதினொரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினொரு நாளில் அந்தக் குடியிருப்பில் மட்டும் ஒன்பது வீடுகளில் அவர் வேலை செய்திருந்தார். தரை ஓடுகளை உடைத்தார், சுவரில் துளை போட்டார், உடைந்த கழிவறைத் தொட்டி ஒன்றை நான்கு மாடிப் படிகளில் இழுத்துக்கொண்டு இறங்கினார். பெரியவர்களில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. குழாய்க்காரர் வந்தால் காது போய்விடும் என்று பயந்தபடி இருப்பவர்களுக்குக் காது போகாதபோது நிம்மதிதான் வருகிறது, ஏன் போகவில்லை என்ற கேள்வி வருவதில்லை. கேள்வி குழந்தைக்குத்தான் வந்தது. அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். குழந்தை அவர் உதடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, மாமா வாயை மட்டும் அசைக்கிறார், உள்ளே பேச்சு இல்லை என்று அம்மாவுக்குத் தகவல் சொன்னாள்.

குழாய்க்காரருக்கு இது முதல் நாளே தெரியும். ஒரு வியாழக்கிழமை காலை வீட்டைப் பூட்டும்போது சாவி சத்தமில்லாமல் திரும்பியது. காதுதான் போய்விட்டது என்று நினைத்தார். ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோ கேட்டது, தெருவில் ஒரு பஸ் பிரேக் போட்டது கேட்டது. அவருடைய செருப்பு, அவருடைய மூச்சு, அவர் தோளில் தொங்கிய இரும்புச் சாமான்கள் நிறைந்த பை, இவை மட்டும் கேட்கவில்லை. காது, மூக்கு, தொண்டை டாக்டர் மூன்றையும் பரிசோதித்துவிட்டு மூன்றிலும் குறை இல்லை என்றார். தொண்டையில் குரல்நாண் அதிர்கிறது, கண்ணால் பார்க்க முடிகிறது, சத்தம்தான் வெளியே வரவில்லை என்று சீட்டில் எழுதி, கீழே ஓய்வு தேவை என்று கையெழுத்திட்டார். குழாய்க்காரரால் ஓய்வு எடுக்க முடியவில்லை. குழந்தை கேட்ட கேள்வி தெரு முழுக்கப் பரவியதும் அவருக்கு வேலை இரட்டிப்பானது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள், ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள், ஒரு பாட்டு வாத்தியார், தலைவலிக்காரர்கள் எல்லோரும் சத்தமில்லாத குழாய்க்காரர்தான் வேண்டும் என்று காத்திருந்து கூப்பிட்டார்கள். இப்படியும் ஒரு தொழில்காரருக்கு அதிர்ஷ்டம் அடிக்குமா என்று மற்ற குழாய்க்காரர்கள் வயிறெரிந்தார்கள்.

அவருடைய மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். இருபத்தாறாவது வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை முழுதாகப் போனவர். ஆஸ்பத்திரியின் நானூறு உள் இணைப்புகளும் அவர் விரல் நுனியில் இருந்தன. எந்த டாக்டர் நேற்றுத் தூங்கவில்லை, எந்த நர்ஸ் அழுதுவிட்டு வந்து பேசுகிறாள், எந்த உறவினர் பொய் சொல்கிறார் என்பதை ஒரு ஹலோவில் சொல்லிவிடுவார். அவருக்குக் கணவர் என்பது ஒரு முகம் அல்ல. ஒரு சாவிக்கொத்து, இடது பக்கம் சற்று இழுபடும் செருப்பு, வாசலில் நின்று ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்ளும் பழக்கம், தினமும் மதியம் ஒன்று பத்துக்கு எந்த வேலையில் இருந்தாலும் வருகிற ஒரு போன். இவையெல்லாம் ஒரே காலையில் இல்லாமல் போயின. அவர்கள் முயற்சி செய்யாமல் இல்லை. காலில் சலங்கை கட்டிப் பார்த்தார்கள். கடையில் இருந்தவரை ஒலித்த சலங்கை அவர் காலில் ஏறியதும் ஊமையானது. டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பாடவிட்டுக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். எடுத்ததும் நின்றது, மேஜையில் வைத்துவிட்டு விலகியதும் விட்ட இடத்திலிருந்து பாடியது. பேச வேண்டியதை மனைவியின் உள்ளங்கையில் விரலால் எழுதினார். ஆனால் கையைத் தொடும்முன் அந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டார். ஒருநாள் வெந்நீர் காலில் கொட்டியது. அதன் பிறகு குழாய்க்காரர் தொடுவதற்குமுன் அவர் புறங்கையில் லேசாக ஊதிவிட்டுத் தொட்டார். ஒரு மனிதன் தன் வீட்டில் காற்றாக அறிமுகமாகிப் பிறகு ஆளாக வர வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கீரை ஆய்ந்துகொண்டே அந்த அம்மாள் இதைச் சொன்னார். கணவர் அறையில் இருக்கிறாரா என்று தெரியாமலேதான் சொன்னார்.

“தொட்டா நீங்க இருக்கீங்க. தொடாதப்போ இல்ல. பாதி நாள் நான் தனியாத்தாங்க வாழுறேன். இப்பகூடப் பாருங்க, யார்கிட்ட சொல்றேன்னு தெரியல.”

அவர் இருந்தார். எதிர் நாற்காலியில்தான் இருந்தார். எழுந்து வந்து கையில் ஊதுவதற்குள் அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கீரைக்கட்டை எடுத்துவிட்டார். அந்த வாரத்திலிருந்து அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. பதில் வராத இடத்தில் எத்தனை நாள்தான் பேசுவது. குழாய்க்காரர் கடவுள் நம்பிக்கை உள்ளவர். தினமும் பிரார்த்தனை செய்தார். அதற்கு மட்டும் அவருக்குச் சத்தம் தேவைப்படவில்லை, முன்பும் தேவைப்பட்டதில்லை.

அதே குடியிருப்பில், முதல் மாடியிலிருந்த அவர்கள் வீட்டுக்கு மேலே, இரண்டாம் மாடியில் பல்லக்கா இருந்தார். பல் செட் செய்யும் லேபில் முப்பது வருடமாக வேலை செய்கிறவர். ஊரில் பாதிப் பெரியவர்களின் சிரிப்பு அவர் கையால் ஆனது. தனியாள், வயது ஐம்பத்தைந்து, குரல் கொஞ்சம் வெட்டும். அவர் வீட்டின் உள் அறையில் ஆயிரத்து நூற்றாறு இசைத்தட்டுகள் இருந்தன என்பது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் காதில் ஹெட்போன் மாட்டித்தான் கேட்பார். அவற்றில் பெரும்பாலானவை பங்க் ராக். கிடாரில் மூன்று பிடி தெரிந்ததும் நான்காவதைக் கற்றுக்கொள்ளப் பொறுமை இல்லாமல் கோபப்பட்டுக் கத்தத் தொடங்கிவிட்டவர்களின் இசை அது என்று அவரே சொல்வார். தட்டுகளை எழுத்து வரிசையில் அடுக்காமல் வாங்கிய வரிசையில் அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அட்டை. எந்தக் கடை, மழையா வெயிலா, அந்த வாரம் தான் யாரோடு பேசாமல் இருந்தேன் என்று அதில் குறித்திருப்பார்.

வரிசையில் முதலாவதாக நின்ற ஆல்பத்தைச் செய்தவர்கள் நான்கு பேர். பன்னிரண்டு பாட்டு, மொத்தம் முப்பத்தொரு நிமிடம். மூடிக்கிடந்த ஒரு பேக்கரியின் நிலவறையில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதிவு செய்தது. முந்நூறு தட்டு அடித்தார்கள், பதினொரு மாதத்தில் பிரிந்துபோனார்கள், பாடியவர் இப்போது இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறார். பல்லக்கா அதை இருபத்து நான்கு வயதில் வாங்கினார். அந்த வருடம் அவருடைய தம்பி இருபத்திரண்டாவது வயதில் ஆற்றில் போனான். அக்காதான் அவனைக் குளிக்கப் போகச் சொல்லியிருந்தார். ஏழு மாதம் அவர் கட்டிலை விட்டு எழவில்லை. யார் வந்து ஆறுதல் சொன்னாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தட்டு மட்டும் சுற்றியது. நான்காவது பாட்டில் பாடுகிறவர் “எல்லாமே பொய்” என்று தொண்டை கிழியக் கத்தி நிறுத்துவார். அடுத்த வரிக்கு முன் இரண்டு விநாடி இடைவெளி. அந்த இடைவெளியில் யாரோ இருமுவார்கள். கோபமான இருமல் இல்லை, பாட்டைச் சேர்ந்ததும் இல்லை. தொண்டையில் தூசி அடைத்த, இன்னும் வேலை பாக்கியிருக்கிற ஒரு மனிதனின் சாதாரண இருமல். நூறு தடவை கேட்டபின் ஒருநாள் பல்லக்காவுக்கு, பாவம், இந்த ஆளுக்கு யாராவது ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது. தோன்றியதும் தனக்கும் தாகமாக இருப்பது தெரிந்தது. எழுந்துபோய்க் குடித்தார். எழுந்த கையோடு முகம் கழுவினார், ஜன்னலைத் திறந்தார், மறுவாரம் லேபுக்கு வேலை கேட்டுப் போனார். இந்த விஷயத்தை அவர் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அட்டையில்கூடக் குறிக்கவில்லை.

முப்பத்தொரு வருடம் கழித்து ஒரு கம்பெனி அந்த ஆல்பத்தை ரீமாஸ்டர் செய்து வெளியிட்டது. பழைய ஒலிநாடாவை எடுத்து, அதிலுள்ள இரைச்சலையும் கீறலையும் நீக்கி, மங்கியதைத் தெளிவாக்கி மறுபடி தட்டாக அடிப்பதற்கு அந்தத் தொழிலில் அப்படிப் பெயர். கனமான தட்டு, வழவழப்பான உறை, உள்ளே ஒரு சிறு புத்தகம். முதல் நாளே பல்லக்கா வாங்கினார். கிடார்க் கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. நான்காவது பாட்டில் “எல்லாமே பொய்” என்று குரல் நின்றது. அதன்பின் இரண்டு விநாடி, கழுவித் துடைத்த பீங்கான் தட்டு போல ஒரு சுத்தமான மௌனம். பழைய நாடாவிலிருந்த இருநூற்றுப் பதினான்கு குறைகள் மூலத்திலேயே நீக்கப்பட்டுள்ளன என்று புத்தகத்தின் கடைசிப் பக்கம் பெருமையாகச் சொன்னது. வெளியான தேதி ஒரு வியாழக்கிழமை. குழாய்க்காரரின் சாவி சத்தமில்லாமல் திரும்பிய அதே வியாழக்கிழமை என்பதை அப்போது சேர்த்துப் பார்க்க யாருக்கும் காரணம் இல்லை.

காரணம் நான்கு மாதம் கழித்து, பல்லக்கா வீட்டுச் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டபோது வந்தது. குழாய்க்காரர் தொட்டிக்கடியில் மல்லாந்து படுத்து வளைவுக் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். மதிய இடைவேளைக்கு வந்திருந்த பல்லக்கா, அன்று ஹெட்போன் பழுதாகிவிட்டதால், பழைய தட்டை ஸ்பீக்கரில் சின்னதாக வைத்திருந்தார். நான்காவது பாட்டில் இருமல் கேட்ட அதே நேரம் சமையலறையிலிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம் வந்தது. அவர் எட்டிப் பார்த்தார். தொட்டிக்கடியிலிருந்து குழாய்க்காரரும் தலையை நீட்டிப் பார்த்தார். மறுபடி ஓங்கி அடித்தார். ஒன்றும் இல்லை. பல்லக்கா ஒரு பல்லின் மேடு பள்ளத்தை விரலால் தடவியே சொல்லிவிடும் தொழிலில் இருந்தவர். ஆராயாமல் எதையும் விட மாட்டார். உள்ளே போய், சுற்றும் தட்டின் மேலிருந்த முள்ளை எடுத்துக் கொஞ்சம் பின்னால் வைத்தார்.

“இன்னொரு தடவ போடுறேன். நீங்க அடிச்சுக்கிட்டே இருங்க, தம்பி.”

தம்பி என்ற சொல்லை அவர் வாய் முப்பத்தொரு வருடமாகப் பயன்படுத்தவில்லை. அது எப்படி வந்தது என்று அவரே ஒரு கணம் நின்றார். பாட்டு ஓடியது, குரல் கத்தி நின்றது, இருமல் வந்தது, டங் டங் என்று இரண்டு அடி விழுந்தது, அதோடு “அட” என்று ஒரு மனிதக் குரலும் கேட்டது. கிடார் தொடங்கியதும் எல்லாம் அடங்கியது. குழாய்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அந்த இருமல் தன்னுடையது. இருபத்திரண்டு வயதில் தனியாக ஒப்புக்கொண்ட முதல் வேலை அந்தப் பேக்கரியின் சாக்கடைக் குழாய். நான்கு பையன்கள் வந்து, இரண்டரை நிமிடம் அடிக்காமல் இருக்கச் சொன்னார்கள். அடிக்காமல் இருக்க முடிந்தது, சுண்ணாம்புத் தூசியில் இருமாமல் இருக்க முடியவில்லை. வாடகைக்கு எடுத்த பதிவு மிஷினை ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் மறுபடி பாட அவர்களுக்கு நேரம் இல்லை. பல்லக்கா அதைப் படித்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் போகிறவர் போல் எழுந்து உள்ளே போய், வெகுநேரம் கழித்து வந்தார்.

செல்போனில் அந்த இருமலைப் பதிவு செய்து போட்டுப் பார்த்தார்கள். இருமல் கேட்டது, வேறொன்றும் நடக்கவில்லை. மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது தட்டுகள் எங்கே போயின என்று விசாரித்தார்கள். உடைந்திருந்தன, உருகியிருந்தன, ஒன்று ஒரு சலூனில் கடிகாரமாகியிருந்தது. ஆகவே அந்த ஒரு தட்டுதான், அதில் அந்த இரண்டு விநாடிதான். மறுநாள் மதியம் ஒன்று பத்துக்குக் குழாய்க்காரர் பல்லக்காவின் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, ரிசீவரைப் பிடித்தபடி, சைகை காட்டப்போகும் பல்லக்காவின் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எக்ஸ்சேஞ்சில் அந்த அம்மாளின் காதில் முதலில் ஓர் ஆண் எல்லாமே பொய் என்று ஆத்திரத்தோடு கத்தினார். அடுத்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் போல அவர் கணவர் “நான்தான்” என்றார். அதன்பின் டிரம்ஸ் வெடித்தது. இருபத்தேழு வருட வேலையில் அந்த ஒருநாள் மட்டும் நான்கு டாக்டர்கள் இணைப்பு கிடைக்காமல் ஆறு நிமிடம் காத்திருந்தார்கள்.

அதிலிருந்து தினமும் ஒன்று பத்துக்கு ஒரு தடவை. இரண்டு விநாடியில் ஒரு கணவன் என்ன சொல்ல முடியும் என்பது அந்த நாட்களில் தெரிந்தது. கால் புண் ஆறிடுச்சா என்று கேட்டார். பால் வாங்கிட்டேன் என்றார். ஒருநாள் குடை எடுத்துட்டுப் போ என்று சொல்லி வீணடித்தார், அன்று ஒரு துளி விழவில்லை. ஒருநாள் முந்தின இரவு எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம் நீளமாகி, பாதியில் கிடார் வந்து விழுங்கிவிட்டது. மறுநாள் மீதியைச் சொன்னார். வீட்டிலும் பேச்சு திரும்பியது. நாளைக்கு என்ன சொல்லட்டும் என்று அவர் உள்ளங்கையில் எழுதுவார், அதை முன்னாலேயே சொல்லாதீங்க என்று மனைவி கையை மூடிக்கொள்வார்.

நாற்பத்தொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த அம்மாள் நேரில் வந்து பல்லக்காவின் உள் அறையில் உட்கார்ந்தார். கணவர் எதிரிலேயே நின்று பேசினார். கேட்டு முடித்ததும் மனைவியின் முகம் சுருங்கியது.

“அக்கா, இது தேயுது. முதல் நாள் இவர் குரலுக்கு அடியில ஒரு கரகரப்பு இருந்துச்சு. இன்னைக்கு அது இல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல யாரோ பேசுற மாதிரி ஆயிடும்.”

பல்லக்கா லேபிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்து தட்டைப் பார்த்தார். நான்காவது பாட்டின் அந்த இடம் மட்டும் மற்ற இடங்களைவிட வெளுத்திருந்தது. முள் போகும் பள்ளத்தின் கரைகள் மழுங்கியிருந்தன. எத்தனை நாள் வரும் என்று அந்த அம்மாள் கேட்டார். அறுபது, கூடிப்போனால் எழுபது என்று பல்லக்கா மறைக்காமல் சொன்னார்.

“அப்ப இன்னையோட நிறுத்திடலாம். ஒரே ஒரு தடவைக்கு மட்டும் பத்திரமா வச்சிருங்க அக்கா. எங்க ரெண்டு பேர்ல யாருக்கு முதல்ல முடியுதோ, அன்னைக்குப் போடுங்க.”

குழாய்க்காரர் அவர் புறங்கையில் ஊதி, உள்ளங்கையில் ஏதோ எழுதினார். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பல்லக்கா என்னவென்று கேட்டதற்கு, “அந்த ரெண்டு செகண்டையும் நீயே பேசித் தீர்த்துடுவேன்னு சொல்றாரு” என்றார். சிரித்த முகத்தோடுதான் படி இறங்கினார். பின்னால் கணவர் வருகிறாரா என்று அவர் இரண்டு தடவை நின்று கேட்டதைப் பல்லக்கா மேலிருந்து பார்த்தார்.

மறுநாள் பல்லக்கா கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆல்பத்தைச் சுத்தம் செய்தவரிடமே சேர்க்க வேண்டும் என்று உறையின் மேல் கோடிட்டிருந்தார். பத்தொன்பது நாள் கழித்துப் பதில் வந்தது, கையெழுத்தில். நாற்பது வருடமாக நான் அழுக்கு எடுப்பவன், அழுக்கு எது, ஆள் எது என்று கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை, மன்னிக்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். இருமலைத் திரும்ப வைக்கலாம். மூல நாடாவில் அந்த இரண்டு விநாடி இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் வைப்பதற்கு இருமல் வேண்டும், அது உங்கள் தட்டில் மட்டுமே உள்ளது. இசைத்தட்டில் இருப்பது ஒரே ஒரு நீளமான கோடு, ஓரத்தில் தொடங்கி நடுவில் முடிகிறது. கம்பளிச் சட்டையில் ஓரிடத்தில் நூலை இழுத்தால் முழுச் சட்டையும் பிரிந்து வருவது போல, ஓரிடத்தில் எடுத்தால் முழுக் கோடும் வந்துவிடும். பிறகு உங்களிடம் இருப்பது வெறும் கறுப்பு வட்டம்தான். யோசித்துச் சொல்லுங்கள்.

பல்லக்கா மூன்று வாரம் யோசித்தார். அந்த மூன்று வாரமும் அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை என்று லேபில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். தொழிலில் மட்டும் ஒரு தவறு நடந்தது. ஒரு பாங்க் மேனேஜருக்காகச் செய்த மேல் செட், ஓய்வுபெற்ற ஒரு டீச்சருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. நான்காவது வாரம் வியாழக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு, முதல் மாடிக்கு இறங்கி வந்து குழாய்க்காரரிடமும் அவர் மனைவியிடமும், கம்பெனிக்காரர்கள் தப்பை ஒத்துக்கொண்டுவிட்டார்கள், அவர்களே சரி செய்துவிடுவார்கள், தான் ஒரு கையெழுத்துப் போடப் போக வேண்டும், அவ்வளவுதான் என்று சொன்னார். பொய் பாவம்தான். ஆனாலும் சில பொய்களை ஆண்டவன் காதில் விழாதது போல் இருந்துவிடுவான் என்று நம்ப இடம் இருக்கிறது.

அந்த வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு ஐந்தாம் மாடியில் குழாய்க்காரர் ஒரு நட்டைத் தட்டியபோது குளியலறை அதிர்ந்தது. வீட்டுக்காரர் செய்தித்தாளோடு ஓடிவந்து, கொஞ்சம் மெதுவாக அடிக்கக் கூடாதா என்று கேட்டார். “மன்னிச்சுக்குங்க சார்” என்றார் குழாய்க்காரர். வீட்டுக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, திரும்பிப் போய்விட்டார். குழாய்க்காரர் வேலையைப் பாதியில் விடவில்லை. தண்ணீரைத் திறந்து, ஒழுகவில்லை என்று பார்த்து, கை கழுவி, சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார், ஒவ்வொன்று விழுகிற சத்தத்தையும் நின்று கேட்டார். பிறகு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். எக்ஸ்சேஞ்ச் இருந்த தாழ்வாரத்தில் எப்போதும் நூறு கால்கள் போகும். அந்த அம்மாள் பேசிக்கொண்டிருந்த இணைப்பை முடித்துவிட்டு, காதிலிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்து, கதவுப் பக்கம் திரும்பினார்.

“இன்னும் அந்தச் செருப்பைத் தைக்கக் குடுக்கலையா?” என்று கேட்டார்.

அதன்பின் நடந்தவற்றில் சொல்வதற்கு அதிகம் இல்லை. குழாய்க்காரரின் புகழ் ஆறு மாதத்தில் போயிற்று. பாட்டு வாத்தியாரும் தலைவலிக்காரர்களும் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். முன்னெல்லாம் எவ்வளவு சுத்தமாக வேலை செய்வார், இப்போது இப்படி ஆகிவிட்டார் என்று அந்தக் குடியிருப்பில் இன்றும் குறை சொல்கிறார்கள். அவர் அதைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறார். திருத்திய இரண்டாம் பதிப்பு வெளியானது. நான்காவது பாட்டில் இருமல் இருக்கிறது, கேட்பவர்கள் அந்த இடத்தில் தாங்களும் இருமிக்கொள்கிறார்கள். குழாய்க்காரர் வருடம் தவறாமல் கம்பெனிக்கு ஒரு நன்றிக் கடிதம் போடுகிறார். குழாய் வேலை செய்கிறவர் ஒருவர் எதற்காக நன்றி சொல்கிறார் என்று அங்கே யாருக்கும் விளங்குவதில்லை, ஆனாலும் ஒழுங்காகக் கோப்பில் வைக்கிறார்கள். பல்லக்காவின் ஆயிரத்து நூற்றாறு தட்டுகளில் முதலாவது கண்ணாடி போல வழவழப்பாக இருக்கிறது. வாரம் ஒருமுறை மற்றவற்றோடு அதையும் தூசி தட்டி வைக்கிறார்.

அந்த வியாழக்கிழமை, சுத்தம் செய்பவருடைய அறையில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. அது ஜன்னல் இல்லாத சின்ன அறை, சுவரெல்லாம் கம்பளி ஒட்டியது. இடது பக்கம் தட்டு சுற்றும் மேஜை, வலது பக்கம் பழைய ஒலிநாடாச் சக்கரம். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சத்தத்தைத் திரும்ப வைக்கும்போது அறையில் ஒருவருக்குமேல் இருக்கக் கூடாது, அந்த ஒருவரும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மூச்சும் சேர்ந்து போய்விடும். நான் இருந்தால் என் கை சும்மா இருக்காது, பழக்கதோஷத்தில் துடைத்துவிடும், இடம் தெரிந்தவர் நீங்கள்தான் என்று சொல்லி அவர் ஸ்விட்சைக் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். பல்லக்கா தட்டை உறையிலிருந்து எடுத்தார். விளிம்பைப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். நான்காவது பாட்டு தொடங்கும் இடத்தில் முள்ளை வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்தார். குரல் கத்தியது, நின்றது. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் இருமினான். முள்ளுக்குப் பின்னால் கோடு எழும்பத் தொடங்கியது, தலைமுடியைவிட மெல்லிய கறுப்பு இழையாக, முதலில் நான்காவது பாட்டு, பிறகு ஐந்தும் ஆறும், பிறகு ஓரத்திலிருந்து மற்றவையும். வலது பக்கச் சக்கரம் இரண்டு விநாடி திரும்பி நின்றது. இழை முழுதும் பிரிந்து அவர் காலடியில் எடையில்லாமல் விழும்வரை பல்லக்கா அசையவில்லை. பிறகு குனிந்து முள்ளைத் தூக்கி அதன் தாங்கியில் வைத்தார், ஸ்விட்சை அணைத்தார், மூச்சை விட்டார்.